இடித்துரை

நெல்லை உரலில் இடிப்பதும், வானம் இடிப்பதும், தவறிய நண்பனைக் கண்டித்துச் சொல்வதும் பழந்தமிழில் ஒரே வினை: இடி. குறுந்தொகை 58ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த தலைவன், தன்னைக் கண்டிக்கும் நண்பர்களை இச்சொல்லாலேயே விளிக்கிறான். அவர்கள்மேல் சினம் கொள்ளவில்லை. என் காதல் நோயைத் தடுத்து நிறுத்த முடிந்தால் நல்லது என்கிறான். எத்தனை நெருக்கம்! திருக்குறள் 784 இப்படி இடித்துரைப்பதையே நட்பின் கடமையாக்குகிறது. 448 இன்னும் கடுமை: இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான்.

குத்திக்காட்டுதல் வேறு; அது பழையதைக் கிளறிப் புண்படுத்துவது. இடித்துரை எல்லை மீறும்போதே தடுப்பது. ‘விமர்சனம்’ என்ற சொல்லில் நட்பின் இந்த உரிமை இல்லை. நண்பர்களிடையே இடித்துரை மீண்டும் புழங்க வேண்டும்.