தொப்பியில் செருகிய அட்டை



ரவுண்ட் ராக்கில் நம் வீட்டுக் கூரையை மாற்ற வருகிறவர்கள் தங்களுக்குள் ஸ்பானிஷ் பேசினால், "இவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லுகிற நம்மில் பலருக்கு கிரீன் கார்டே இன்னும் வரவில்லை! சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டபோது ஆபிரகாம் தன்னைப் பரதேசி என்றே சொல்லிக்கொண்டார். நம் ஊரிலோ அது திட்டுகிற வார்த்தை.

நம்மிடமிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் செகீன் என்ற ஊர் வரும். ஹுவான் செகீன் என்பவரின் பெயரை 1839-ல் அந்த ஊருக்கு வைத்தார்கள். அவர் 1806-ல் சான் அன்டோனியோவில் பிறந்தவர். டெக்சாஸ் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. பிறகு மெக்சிகோவோடு சேர்ந்தது. டெக்சாஸ் தனிநாடாகப் போராடியபோது, செகீன் அதன் பக்கம் நின்றார். அலமோ கோட்டை முற்றுகையில் இருந்தபோது, உதவி கேட்க அவரை வெளியே அனுப்பினார்கள். அதனால் உயிர் தப்பினார். 1836 ஏப்ரலில் சான் ஹசிண்டோ போரில் அவரும் அவருடைய ஆட்களும் தங்கள் தொப்பியில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு சண்டையிட்டார்கள். அது எதற்கு? முகத்தைப் பார்த்து எதிரி என்று நினைத்து, சொந்தப் பக்கத்தாரே சுட்டுவிடக் கூடாதே என்பதற்குத்தான்.

ஜெயித்த பிறகு அவர் டெக்சாஸ் குடியரசின் செனட்டரானார், சான் அன்டோனியோவுக்கு மேயரும் ஆனார். ஆனால் கிழக்கிலிருந்து நிலம் தேடி வந்து குவிந்தவர்களுக்கு அந்த அட்டை போதவில்லை. 1842-ல் மெக்சிகோ படை ஊருக்குள் புகுந்ததும், செகீன் துரோகி என்று பேச்சு கிளம்பியது. அவர் பதவியை விட்டு, குடும்பத்தோடு மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே பிடித்து, சிறையா படையா என்று கேட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார். அதே ஆண்டில் மெக்சிகோ படையோடு டெக்சாசுக்கு எதிராக வந்தார் என்பதும் உண்மைதான். ஆனாலும் முதலில் விரட்டியது யார் என்பதையும் நாம் பார்க்கவேண்டும். நேற்று வந்தவர்கள், அங்கேயே பிறந்தவரை அந்நியன் என்றார்கள்.

நம் ஜனங்களுக்கும் இது நடந்தது. இலங்கை மலைத்தோட்டங்களுக்குக் காப்பிக் காலத்திலிருந்தே நம்மவர்கள் போனார்கள். அவர்களுக்காக 1854-ல் சி.எம்.எஸ். சங்கத்தார் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியபோது, திருநெல்வேலி உபதேசியார்களும் அங்கே போய் ஊழியம் செய்தார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் ஓட்டுப் போட்டு, தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் அங்கே பிறந்தார், அல்லது தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தார்கள் என்று காட்டவேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எங்கே இருந்தது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். அவர்களுடைய ஓட்டும் போயிற்று. ஓட்டுத்தான் பயம் என்று நாங்கள் நினைக்கிறோம். கொழுந்து பறிக்கும் கையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்து ஜனங்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

இலங்கையில் அவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களை சிலோன்காரன் என்று கூப்பிட்டவர்கள் தமிழர்கள்தான். நம்முடைய தாத்தா பாட்டிகளின் ஊர்களில்தான்.