போன்சாய் வளைவு

தொட்டி மரத்தின் தண்டையும் கிளைகளையும் கட்டியும், கம்பி சுற்றியும், கவாத்து செய்தும் கோணலாக வளர்க்கும் கலை. காற்றிலும் மழையிலும் ஆடு மாடுகளின் வாயிலும் அடிபட்டு முதிர்ந்த மரத்தின் தோற்றத்தை இரண்டு முழ உயரத்துக்குள் கொண்டுவருவது இதன் நோக்கம். சீனத்தில் பிறந்து, ஜப்பானில் இன்றைய உருவம் பெற்று, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய நகரங்களின் மொட்டை மாடிகளுக்குப் பரவியது. ‘போன்சாய்’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டத்தில் நட்டது என்று பொருள். மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவதே போன்சாய் என்று நம்மிடையே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேரையும் கிளையையும் உரிய காலத்தில் நறுக்கி, எருவும் நீரும் குறைவின்றிக் கொடுத்துத்தான் இதை வளர்க்க வேண்டும். நோஞ்சான் மரம் வளைவைத் தாங்காது.

வளைவு நிற்பது எப்படி

இளங்கிளையை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது பழைய இடத்துக்கே திரும்பும். வளைத்தபடி சில மாதம் கட்டி வைத்தால், பட்டைக்குக் கீழுள்ள கேம்பியம் என்னும் வளர்திசு அதன்மேல் புது மர அடுக்குகளை இடும். அவை கெட்டிப்பட்டதும் கட்டு இல்லாமலே வளைவு நிற்கும். ஆனால் மரம் அதற்குள் எளிதில் இணங்கிவிடுவதில்லை. சாய்ந்த கிளையை நிமிர்த்துவதற்கென்றே அது தனி வகைத் திசுவை உண்டாக்குகிறது. பைன் முதலான ஊசியிலை மரங்கள் அதைக் கிளையின் அடிப்பக்கத்தில் இட்டு மேலே தள்ளும். பெரும்பாலான அகன்ற இலை மரங்கள் மேற்பக்கத்தில் இட்டு மேலே இழுக்கும். கம்பியை முன்னதாக எடுத்தால் கிளை நிமிர்ந்துகொள்ளும். பிந்தி எடுத்தால் பட்டையில் திருகாணி போலத் தழும்பு விழும். அது மறையப் பல ஆண்டுகள் ஆகும், சில மரங்களில் மறையவே மறையாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில வாரங்களைக் கண்டுபிடிப்பதில்தான் இக்கலையின் பொறுமை முழுவதும் இருக்கிறது.

கம்பியின் கனம் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. கிளையை ஒட்டி, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுற்றுவார்கள். செம்புக் கம்பியை முதலில் நெருப்பில் காய்ச்சி இளக வைக்க வேண்டும். ஒருமுறை வளைத்ததும் அது விறைத்துக்கொள்ளும் என்பதால் பைன் மரங்களுக்கு உகந்தது. அலுமினியக் கம்பி மென்மையானது, தொடக்கநிலையினரின் கைக்கும் அடங்கும். கனத்த தண்டானால் ஈர நாரைச் சுற்றிக்கொண்டு வளைப்பார்கள். பட்டை பிளக்காமல் இருக்கும்.

நாரும் கத்தரிக்கோலும்

சீனத்தின் ஷான்சி மாநிலத்தில் 706ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், சிறு பாறைகளும் செடிகளும் வைத்த தட்டத்தை ஏந்தி நிற்கும் பணிப்பெண் ஓவியம் உள்ளது. தட்டத் தோட்டத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பிற்காலச் சீனத் தோட்டக்காரர்கள் கம்பிக்குப் பதில் பனை இனத்து மரமொன்றின் நாரால் கிளைகளைக் கட்டினார்கள். யாங்சோ நகரத்துப் பாணியில் ஓர் அங்குலத்துக்கு மூன்று வளைவு என்று கணக்கே உண்டு. அன்ஹுய் பகுதியில் பிளம் மரத்தின் தண்டை நெளியும் டிராகன் போல வளர்த்தார்கள்.

இந்த மோகத்துக்கு எதிர்க்குரலும் அங்கேயே எழுந்தது. 1839இல் கோங் ஸீச்சென் என்ற அறிஞர், கோணல் பிளம் மரங்களை நோயாளிகள் என்றே அழைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். முந்நூறு தொட்டி பிளம் மரங்களை வாங்கி, தொட்டிகளை உடைத்து, நார்க்கட்டை அவிழ்த்து, மண்ணில் நட்டு, அவை தேற ஐந்தாண்டுக் கெடு வைத்ததாக அதில் சொல்கிறார். மன்னராட்சியில் முறுக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிய உருவகமாகவே அதைப் படிப்பது வழக்கம். மரத்தைப் பற்றியதாகவும் படிக்கலாம் என்பது இதை எழுதுபவரின் கருத்து. மரத்தின் போக்கைப் பாராமல் வளைவை எண்ணிக்கைக்குச் செய்பவர்களுக்கு அது இன்றும் பொருந்துகிறது.

20ஆம் நூற்றாண்டில் குவாங்சோவைச் சுற்றி வளர்ந்த லிங்னான் பாணி இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டது. அங்கே கட்டுவதைவிட வெட்டுவதே முதன்மை. கிளையை வேண்டிய கனம்வரை ஓட விட்டுத் தறிப்பார்கள். தறித்த இடத்துக்குக் கீழே, வேண்டிய திசை நோக்கிய கணுவில் துளிர்ப்பதை மட்டும் விட்டுவைப்பார்கள். அது கனத்ததும் மீண்டும் தறிப்பார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு திருப்பம். ஒரு கிளை முடிய பத்தாண்டுகூட ஆகலாம். ஆனால் அந்தத் திருப்பங்களில் கம்பியின் தடம் இராது.

ஜப்பான்

1309இல் வரைந்த கசுகா கோங்கென் ஓவியச் சுருளில் தட்டத்து மரங்கள் காணப்படுகின்றன. கம்பி அங்கே பரவலானது மிகவும் பிந்தி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. 1923இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய் தோட்டக்காரர்கள் சிலர் ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து 1925இல் ஒரு போன்சாய் கிராமத்தை நிறுவினார்கள். 1934 முதல் டோக்கியோவின் உவேனோவில் நடக்கும் கொகுஃபு கண்காட்சி இத்துறையின் உச்ச மேடை.

1625 முதல் பயிற்றப்பட்டு வரும் ஒரு வெள்ளைப் பைன், 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் யமாகி குடும்பத் தோட்டத்தில் இருந்தது. சுற்றுச்சுவர் காத்ததால் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்ற 53 மரங்களில் அதுவும் ஒன்று. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001இல் அக்குடும்பத்துப் பேரன்கள் வாஷிங்டனுக்கு வந்து பார்த்தபோதுதான் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது.

இந்தியா

உயிருள்ள மரத்தை வளைத்து வளர்ப்பதில் இந்தியாவுக்கென்று ஒரு பெருஞ்சாதனை உண்டு, தொட்டிக்கு வெளியே. மேகாலயாவின் காசி, ஜைந்தியா மலைகளில் ரப்பர் அத்தியின் தொங்கும் வேர்களை, நெடுக்கில் பிளந்து குடைந்த பாக்கு மரத்தின் வழியே ஓடைக்கு அக்கரை சேர்த்துப் பாலமாக்குகிறார்கள். நடக்கும் பதம் வர 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அங்கே தொடங்கியவரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் நடந்து கடக்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி யூல் 1844இல் இவற்றை வியந்து பதிவு செய்தார். 2022இல் இப்பாலங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அத்தி இனத்தின் தொங்கும் வேர் மண்ணைப் பிடித்ததும் உள்ளே முன்சொன்ன இழுக்கும் வகைத் திசு உருவாகித் தானே சுருங்கி இறுகும். பாலம் தொய்யாமல் நிற்க அதுவும் உதவும்.

தொட்டிக் கலையிலும் அந்த இனமே இந்தியாவின் பலம். மைசூரில் ஸ்ரீ கணபதி சச்சிதானந்த சுவாமிகளின் ஆசிரம வளாகத்திலுள்ள கிஷ்கிந்தா மூலிகா தோட்டத்தில் நம் ஊர் ஆலையும் அரசையும் தட்டத்தில் காணலாம்.

பாலாற்றங்கரையில்

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தின் வெயிலுக்கு ஜப்பானியப் பைன் ஒத்துவராது. தேவையும் இல்லை. இடிந்த செங்கல் சுவரிலும் மதகிலும் வேர் இறக்கும் இச்சி, அரசு. வேலியோரத்துப் புளி, கொடுக்காப்புளி. ஏரிக்கரைப் புதர்களில் ஆடு மேய்ந்து மேய்ந்து அடி பருத்து நிற்கும் காரை, இலந்தை. லிங்னான்காரர் கத்தரிக்கோலால் செய்வதை இங்கே ஆடு செய்து வைத்திருக்கிறது. பராய் மரத்தையும் சொல்ல வேண்டும். திருச்சிப் பக்கம் திருப்பராய்த்துறைக்குப் பெயரும் தலமரமும் தந்த, உப்புத்தாள் போன்ற இலையுடைய அதே மரம்தான் தாய்லாந்தின் ‘மாய் டாட்’ என்னும் மரம் வளைக்கும் கலையில் முதன்மையானது. நாம் அதை வேலிக்குமேல் மதிப்பதில்லை.

இங்குள்ள பொறுமை ஜப்பானியப் பொறுமையினின்று வேறானது. பைனில் ஓராண்டுக்குமேல் கிடக்கும் கம்பி, மழைக்காலத்து இச்சியில் ஐந்தாறு வாரத்தில் பட்டைக்குள் புதைந்து பால் கசியும். எனவே வாரந்தோறும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அரசு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துக் கிளைகள் வெறுமையாய்த் தெரியும்போது கம்பி சுற்றலாம். காகிதப்பூ பச்சைக் கொழுந்தாக இருக்கையிலேயே வளைக்க வேண்டும்; முற்றினால் மடக்கென்று ஒடியும். கத்திரி வெயிலில் எதையும் தொடாமல் நிழலில் வைப்பது நல்லது. கம்பியை எடுக்கும்போது சுற்றை அவிழ்க்கக் கூடாது, சுற்றுக்குச் சுற்று நறுக்கி எடுக்க வேண்டும்.

இடிக்கப்போகும் சுவரிலிருந்து, உரியவரைக் கேட்டு, வேரோடு பெயர்த்த இச்சிக் கட்டைக்கு முதல் ஆண்டு கம்பியே கிடையாது. ஆற்று மணலும் செங்கல் தூளும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் ஊன்றி, தன் இஷ்டத்துக்குத் துளிர்க்க விடுவார்கள். எந்தப் பக்கம் தழைக்கிறது என்று பார்த்த பிறகே முதல் வளைவு.