ஒரே கதை, இரண்டு படம், நடுவில் நம்ம ஊர் மதில்



பணி ஓய்வுக்குப் பிறகு மதியம் சாப்பாடு முடிந்ததும் நானும் அக்காவும் டிவியில் யூட்யூப் போட்டுப் பழைய படம் பார்க்கிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன். "என்ன படம் பார்த்தீங்க, எப்படி இருந்தது, எழுதுங்க டீச்சர்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன வாரம் இரண்டு படம் பார்த்தோம். இரண்டுமே 1959 மே மாதம் வந்தவை. ஏறக்குறைய என் வயசுதான். ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், "வீரபாண்டிய கட்டபொம்மன்". மற்றது "சிவகங்கைச் சீமை". இதைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டால் ஒன்றிரண்டு கைதான் உயரும்.

முதலில் கட்டபொம்மன். பி.ஆர். பந்துலு இயக்கம், சக்தி கிருஷ்ணசாமி வசனம். 1957 முதல் மேடையில் நாடகமாக நடித்துப் பெயர் வாங்கிய பிறகுதான் சிவாஜி அதைப் படமாக நடித்தார். ஜெய்ப்பூர் வரை போய்ப் போர்க்காட்சி எடுத்தார்கள். கலர் படம். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

இதில் நம்ம திருச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. சிவாஜி பிறந்தது விழுப்புரம் என்றாலும் சிறு வயதில் வளர்ந்தது நம்ம சங்கிலியாண்டபுரத்தில். அந்த வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் அவருக்கு நடிப்பு ஆசையைக் கிளப்பியது. இங்கே முகாம் போட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு கயத்தாறில், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊரில், தன் சொந்தச் செலவில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். நடித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் இல்லை.

படம் எப்படி? இன்றைக்கும் அசையாமல் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. அக்கா மட்டும், "ஏண்டி, இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டா சண்டைக்குப் போனாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜாவர் சீதாராமனின் பானர்மேன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைக்காரன் என்றால் கத்த வேண்டும் என்றில்லாமல் அடக்கமாக நடித்திருக்கிறார்.

ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அந்த வசனத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதி வைத்த பையன்கள் உண்டு. இதைப் படிக்கிறவர்களிலும் இருவர் இருக்கிறீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். கேள்வி என்னவோ அந்தச் சந்திப்பு எங்கே, எப்போது நடந்தது, விளைவு என்ன என்பதுதான்.

பதிலை மறுபடி சொல்கிறேன். இடம் இராமநாதபுரம், ஆண்டு 1798, மாதம் செப்டம்பர். கலெக்டர் ஜாக்சனைப் பார்க்கக் கட்டபொம்மன் வாரக்கணக்கில் அவர் பின்னால் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தபோதும் மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள். அங்கே நடந்த கைகலப்பில் கிளார்க் என்ற கம்பெனி அதிகாரி செத்துப்போனார். சென்னையில் இருந்த கம்பெனி அரசு விசாரணை வைத்தது. ஜாக்சன் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று அவரைத்தான் பதவியிலிருந்து எடுத்தார்கள். வசனத்தை விட இந்த அவமானம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வரி கொடுக்க வந்த பாளையக்காரரை உட்காரக்கூடச் சொல்லவில்லை!

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகை, அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. படம் அந்த இடத்தில் முடிகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். கதையும் அதோடு முடிந்தது என்றே ஊர் நினைக்கிறது.

ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதிதான் "சிவகங்கைச் சீமை".

கட்டபொம்மன் வெளியாகி மூன்றே நாளில் இது வந்தது. எடுத்தவர் கவிஞர் கண்ணதாசன், இயக்கம் கே. சங்கர். கண்ணதாசனுக்குச் சொந்த ஊர் சிறுகூடல்பட்டி, அந்தச் சீமைக்காரர்தான். தன் மண்ணின் மருது சகோதரர்கள் கதையை எடுக்க ஆசைப்பட்டார். எஸ்.எஸ். ராஜேந்திரன் நடித்தார். இசை விசுவநாதன் ராமமூர்த்தி. கருப்பு வெள்ளைப் படம். அந்தப் பக்கம் கலரில் சிவாஜி, இந்தப் பக்கம் கருப்பு வெள்ளையில் மருது. கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணதாசனுக்குக் கையைக் கடித்தது.

வீட்டில் பார்த்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது? நிதானமாகப் போகிற படம். நடுவில் அக்கா ஒரு தூக்கம் போட்டாள். பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. தியேட்டரில் பார்த்திருந்தால் நானும் ஒருவேளை நெளிந்திருப்பேன். வீட்டில் பார்க்கிறதில் ஒரு சௌகரியம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். எனக்குச் சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் நிறுத்திவிட்டு அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் ராஜய்யன் 1800, 1801ஆம் ஆண்டுகளின் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் 1971இல்தான் வந்தது. கண்ணதாசன் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். இதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் கதை ஒட்டுகிறது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டிச் சண்டை போட்டார். மே மாதம் அது விழுந்ததும் சிவகங்கைச் சீமைக்குப் போனார். சிறுவயலில் இருந்த சின்ன மருது அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். கம்பெனி அவரை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. மருது ஒப்படைக்கவில்லை. அங்கே பிடித்தது அடுத்த சண்டை.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இது நம்ம வீட்டு விஷயம்.

1801 ஜூன் 16. சின்ன மருது பெயரில் ஒரு அறிக்கை இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று, திருச்சிக் கோட்டைக்குள் இருந்த நவாப் அரண்மனைச் சுவரில். இன்னொன்று, ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதிலில். ஜம்புத்தீவுப் பிரகடனம், திருச்சிப் பிரகடனம் என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

ஏன் இங்கே வந்து ஒட்ட வேண்டும்? சிவகங்கை எங்கே, ஸ்ரீரங்கம் எங்கே? யோசித்துப் பாருங்கள். கோட்டையில் நவாப்பின் ஆட்களும் கம்பெனிச் சிப்பாய்களும் இருந்தார்கள். கோயிலுக்கு எல்லா ஊர் ஜனமும் வரும், ஒருவர் படித்தால் பத்து ஊருக்குச் செய்தி போகும். தவிர, இந்த ஊர் ஐரோப்பியர் சண்டையை நேரில் பார்த்த ஊர். 1752இல் சந்தா சாகிப்பின் படையும் பிரெஞ்சுப் படையும் இந்தத் தீவில், கோயில் மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்துதான் சரணடைந்தன.

அந்த அறிக்கையின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நவாப் முகமது அலி முட்டாள்தனமாக ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார். அவர்கள் வஞ்சகம் செய்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள். நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் இது நடந்தது. அதனால் எல்லாச் சாதியாரும் முஸ்லிம்களும் ஒன்று சேர வேண்டும். கம்பெனிப் படையில் வேலை பார்க்கும் சிப்பாய்களும் அவர்களுக்கு எதிராகத் திரும்ப வேண்டும். ஒரு பாளையக்காரர் தன் பாளையத்துக்காகச் சண்டை போடுவது ஒன்று. எல்லோரையும் சேர்த்து நாட்டுக்காகக் கூப்பிடுவது வேறு. 1801இல் இப்படி ஒரு அழைப்பு என்றால் சாதாரண விஷயமா?

அதில் ஒரு இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் கொஞ்ச நேரம் பேச முடிவதில்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அர்ச்சகர்கள், பெரியவர்கள், பொதுமக்கள் எல்லோருடைய காலிலும் மருது பாண்டியன் விழுந்து வணங்குவதாகச் சொல்லி, உங்கள் ஆசியைத் தாருங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார். சாவுக்குத் துணிந்த ஒரு மனுஷன், நம்ம முன்னோர்களிடம், பெயர் தெரியாத பொதுஜனத்திடம், ஆசி கேட்டு ஒரு காகிதத்தை நம்ம ஊர் மதிலில் ஒட்டச் செய்தார். அந்த மதிலைச் சுற்றிக் காய்கறி வாங்குகிறோம், செருப்பு விடுகிறோம், ஸ்கூட்டர் நிறுத்துகிறோம். கட்டபொம்மன் வசனத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நமக்கு, நம்மைப் பார்த்துச் சொன்ன இந்த வார்த்தை தெரியாது. நம்ம பாடப் புத்தகத்திலும் ஒரு பத்திக்கு மேல் இருந்ததில்லை.

இதற்குச் சினிமாவைக் குறை சொல்ல மாட்டேன். சினிமா இல்லாவிட்டால் கட்டபொம்மனையும் இந்த அளவுக்கு நினைவு வைத்திருக்க மாட்டோம். ஆனால் ஓடிய படத்தில் இருக்கிற வரலாறு நிற்கிறது, ஓடாத படத்தோடு இருந்த வரலாறும் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. தியேட்டரில் தோற்ற படம் தோற்றதுதான் என்று அந்தக் காலத்தில் இருந்தது. இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து நாமே எடுத்துப் பார்க்கலாம், வசூல் நமக்கு எதற்கு?

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை ஒட்டி ஆறே வாரத்தில், 1801 ஜூலை 31இல், கர்நாடக ஆட்சி முழுவதும் ஒப்பந்தத்தின் பேரில் கம்பெனி கைக்குப் போனது. அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட 70க்கும் மேற்பட்டவர்களை 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கம்பெனி ராணுவ அதிகாரி. சண்டைக்கு முன்னால் சின்ன மருது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர், நல்ல அரிசியும் பழமும் அனுப்பியவர். காவல் இல்லாத வீடு, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று வெல்ஷே எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ்தான் பிறகு மருதுவுக்கு எதிரான போரிலும் இருந்தார். 1818இல் அவர் பினாங்கு போனபோது தளர்ந்துபோன ஒரு கிழவர் பார்க்க வந்தார். யாரென்று தெரியவில்லை. பெயர் சொன்ன பிறகுதான் தெரிந்தது, துரைசாமி. இளைஞனாகப் பார்த்த பையன், முப்பதுகளில் இருந்திருக்க வேண்டியவர், கிழவராக நின்றார். இதையும் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி, 1830இல் அச்சிட்டிருக்கிறார். இந்த ஒரு காட்சிக்கே இன்னொரு படம் எடுக்கலாம்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் நம்ம பசங்க நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கடற்கரையில் நடக்கும்போது துரைசாமியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரண்டு படத்தையும் வரிசையாகப் பாருங்கள், கட்டபொம்மன் முதலில், சிவகங்கைச் சீமை அடுத்து. ஒரே நாளில் வேண்டாம், சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மெதுவாகப் போகிறது என்று சொல்வார்கள். நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லுங்கள். முடிந்ததும் திங்கட்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ராணி மங்கம்மாள் மகாலில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் வரை ஒரு நடை, அப்படியே பாலம் தாண்டி வந்து கோயில் மதிலோரம் ஒரு நடை. அருங்காட்சியகம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதில் பக்கத்தில் நின்று, இங்கேதான் நம்மிடம் ஆசி கேட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அக்காவும் ஆவலாக இருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்