மாவலி ஏன் பொறி விடவில்லை?

இந்த மலரில் நம் ஊர்த் தொழில்களின் வரலாற்றை ஆளுக்கொன்றாக எழுதலாம் என்று முடிவானபோது, கயிறு, பாய், கோழி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது மாவலி. "அதுல எழுத என்னக்கா இருக்கு, சுத்துனா பொறி பறக்கும், அவ்ளோதானே" என்று ஒரு தங்கச்சி சிரித்தாள். சுற்றியும் பொறி பறக்காத வருஷம் ஒன்று இருந்ததே, அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. கார்த்திகையில் விளக்கு வைக்கிற வழக்கம் நமக்கு மிகப் பழையது. அகநானூற்றிலேயே கார்த்திகை விளக்கு வருகிறது. திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் கார்த்திகை விளக்கீடு உண்டு. கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவதும் அன்றைக்குத்தான். சொக்கப்பனைக்குப் பனைமரமும் பனையோலையும், மாவலிக்குப் பனம்பூ. பனை இல்லாமல் நம் பக்கத்துக் கார்த்திகை கிடையாது. மாவலி என்பது மகாபலிச் சக்கரவர்த்தியின் பேர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அந்தப் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டேதான் சுற்றும்.

மாவலியும் ஒரு வாணம்தான். ஆனால் அதில் வெடியுப்பு இல்லை, கந்தகம் இல்லை. வெறும் கரி. கடையில் வாங்குகிற மத்தாப்புக்கு எரிவதற்கு வேண்டிய காற்று, அதன் மருந்துக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. மாவலிக்கு அது கிடையாது. காற்றை நாம்தான் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் சுற்றுகிறோம். சுற்றுகிற வேகத்தில் கனிந்த கரித்துணுக்கு வெளியே தெறிக்கும், காற்றில் எரிந்துகொண்டே போகும், அதுதான் பொறி. உலகத்தின் பெரிய பெரிய வாணவேடிக்கைக்கும் ரொம்ப நாள் இந்தக் கரிப்பொறியும் இரும்புப்பொறியும்தான் அழகு. பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் 19ஆம் நூற்றாண்டில்தான் நன்றாக வந்தது. அதற்கு முன்னால் ராஜா வீட்டு வாணமும் நம் வீட்டு மாவலியும் ஒரே பொன் நிறம்தான்.

செய்முறை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்பனையின் பூக்கதிரைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, தணலாகும் நேரம் பார்த்து மூடிவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் கரி. அதை உரலில் இடித்து, சலித்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து நடுவில் அந்தச் சுருளை வைத்து இறுக்கி, கயிறு கட்டி, நெருப்புத் துண்டு வைத்து, நன்றாகக் கனிந்த பிறகு சுற்ற வேண்டும். சுற்றுவது பையன்கள். பூ பொறுக்கியது, காயவைத்தது, இடித்தது, துணி கொடுத்தது எல்லாம் அம்மாவும் ஆயாவும். மாவலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை யாரும் சொல்வதில்லை.

இது எப்படிக் குறைந்தது என்பதற்குச் சிவகாசியைச் சொல்லியாக வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த வறண்ட ஊர், அந்தத் தொழிலுக்கு ஏற்ற காற்று. அடுத்து இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது, பட்டாசையும் அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். கம்பி மத்தாப்பு பெட்டி பெட்டியாகக் கிராமத்துக் கடைக்கே வந்துவிட்டது. பற்ற வைத்தால் போதும், இடிக்க வேண்டாம், சலிக்க வேண்டாம். அங்கேயும் பெண்கள் உழைப்புதான், அது தனியாக எழுத வேண்டிய கதை.

இன்னொரு பக்கம் பனை போனது. செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போனது. எங்கள் ஊரில் முதலில் வெட்டியது ஆண்பனையை. "காய்க்காத மரம், நுங்கு தராத மரம், எதுக்கு நிக்கணும்" என்றார்கள். மாவலிக்குப் பூ தருவது அந்த மரம்தான் என்று அப்போது ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை. இத்தனைக்கும் பனை நம் மாநில மரம். 2021இல் வந்த வேளாண் பட்ஜெட்டில்தான், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம். ஆனாலும் வந்ததே.

பட்டாசுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு வைத்த பிறகு, டவுனில் இருப்பவர்கள் நம்மிடம் மாவலி கேட்க ஆரம்பித்தார்கள். புகை குறைவு, சத்தம் இல்லை, பிள்ளைகளுக்குப் புதுசு. நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் சேர்ந்து சுழல்நிதியிலிருந்து கடன் எடுத்துச் செய்தார்கள். முதல் வருஷம் நல்ல பேர். இரண்டாம் வருஷம்தான் சோதனை. விற்றதில் 40 மாவலிக்கு மேல் திரும்பி வந்தது. "கயிறு சுத்திக் கை வலிச்சதுதான் மிச்சம், ஒரு பொறி கூட வரல" என்று ஒரு அம்மா கடை வாசலிலேயே சத்தம் போட்டார். கடன் தவணை நெருங்குகிறது, கையில் விற்காத சரக்கு. ஒரு குழுவில், இதைத் தொட்டதே தப்பு, ஊதுவத்திக்குப் போயிருக்கலாம் என்று பேச்சு வந்து, கூட்டத்திலேயே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அப்போது எங்கள் தெருவில் எண்பது வயது தாண்டிய ஆயா ஒருவரிடம் திரும்பி வந்த மாவலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பிரித்துக் கரியை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஏண்டி, இது மாவா கரியா?" என்றுதான் முதலில் கேட்டார். மிக்ஸியில் அரைத்திருந்தார்கள். மாவு மாதிரி அரைத்தால் கரி உள்ளேயே புகைந்து சாம்பலாகும், தெறித்தாலும் கண்ணுக்குத் தெரிவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். ரவை மாதிரி இருந்தால்தான் பொறி கொஞ்ச தூரம் போகும். அதைவிடப் பெரிசாக இருந்தால் பறக்காது, கங்காகக் கீழே விழும், காலைச் சுடும். சல்லடையை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்தது.

அடுத்து, கரியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினார். குழியை மூடத் தாமதமானால் பூ கரியோடு நிற்காமல் சாம்பலாகும். சாம்பல் கலந்த கரி எரியாது. சீக்கிரம் மூடினால் பூ வேகாமல் நிற்கும், அது வெறும் புகை. தணல் சிவந்து, சுவாலை அடங்குகிற நேரத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், கடிகாரத்தில் பிடிக்க முடியாது. தண்ணீர் தெளித்து அணைப்பவர்கள் உண்டு. அப்படி அணைத்தால் கரியை இரண்டு வெயில் காயவைக்காமல் தொடவே கூடாது என்றார்.

துணியும் ஒரு காரணம். சுருட்டிய துணி பாதி பாலியஸ்டர். பருத்தித் துணி கரியோடு சேர்ந்து தானும் கனிந்து வழி விடும். பாலியஸ்டர் உருகிக் கரியைச் சுற்றிப் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், பொறி எங்கே போகும்? அந்தக் காலத்தில் கிழிந்த துணி எதை எடுத்தாலும் பருத்தி. இப்போது வீடு முழுக்கத் தேடினாலும் ஒரு பழைய வேட்டி கிடைப்பது கஷ்டம். ஆயாவுக்கு இந்தத் துணி சங்கதி தெரியாது. அவர் காலத்தில் அந்தத் துணியே இல்லை. ஒரு துண்டைப் பிய்த்துக் கொளுத்திப் பார்த்து நாங்களே கண்டுபிடித்தது.

ஆனால் பெரிய காரணம் வேறு. "பூவ எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டார். ஐப்பசியில் ஆர்டர் வந்த பிறகு மரத்தடியில் கிடந்ததைப் பொறுக்கி வாங்கியது. ஆயா தலையில் அடித்துக்கொண்டார். பனை பூப்பது கோடையில். அப்போது உதிர்வதைச் சித்திரை வெயிலிலேயே காயவைத்து, அடுப்புக்கு மேல் பரணில் போட்டுவிடுவார்களாம். கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம். மழையில் நனைந்து, மண்ணோடு மக்கிக் கிடந்த பூவுக்கு எத்தனை வெயில் காட்டினாலும் உயிர் வராது. பரணில் இருந்த பூவுக்கு ஆறு மாதமும் அடுப்புச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பு வந்தபோது புகை போனது, நல்லதுதான். பரணும் போனது. மாவலி சரியாக வராததற்கு வீட்டு அடுப்பு மாறியதும் ஒரு காரணம் என்று எந்தப் பயிற்சியிலும் நமக்குச் சொல்லித் தர மாட்டார்கள்.

உப்புப் போடலாமா என்று கேட்டோம். கொஞ்சம் போட்டால் படபடவென்று சத்தம் வரும், ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும், உடனே சுற்றுவதற்கு ஆகும், கடைக்கு அனுப்பும் சரக்குக்கு ஆகாது என்றார். விற்பனை விஷயம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த வருஷக் கடனை மூன்று குழுவும் சந்தாவில் சேர்த்து ஐந்து மாதத்தில் அடைத்தார்கள். எழுந்து போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. இப்போது சலிப்பது ஒரே அளவுச் சல்லடையில். பருத்தித் துணி, தையல் குழுவிலிருந்து வரும் வெட்டுத் துண்டு. ஒவ்வொரு குழியிலிருந்தும் இரண்டு மாவலி கட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கட்டுகிறார்கள். பொட்டலத்தில், ஓலைக் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்தில் சுற்றக்கூடாது, நைலான் உடுப்போடு சுற்றக்கூடாது என்று அச்சடித்து ஒட்டுகிறோம்.

இந்த வருஷம் சித்திரையிலேயே பூ சேர்த்தாகிவிட்டது. விறகடுப்பு இன்னும் எரிகிற நாலு வீட்டைத் தேடிப் பிடித்து, மூட்டைக்கு இவ்வளவு என்று பரண் வாடகை பேசியிருக்கிறோம். அதில் ஒரு பரண் அந்த ஆயா வீட்டில். வாடகை வேண்டாம், பூ வெட்டாமல் விட்டிருக்கும் ரெண்டு ஆண்பனைக்கு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.