மறையூர்க் கல்வீடுகள்

வீடு என்னும் சொல் தமிழில் வாழும் மனையையும் குறிக்கும். பிறவி நீங்கிய பேற்றையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் கல்வீடுகள் நமது இடுக்கி மாவட்டத்திலேயே உள்ளன.

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த சக்குபள்ளத்திற்கு வடக்கே, தேவிகுளம் வட்டத்தில் அமைந்தது மறையூர். அங்கே பாறைமேடுகளின்மீது நிற்கும் கற்கூடங்களை மக்கள் 'முனியறை' என்பர். முனிவர் தவமிருந்த அறைகள் என்பார் ஒரு சாரார். பாண்டவர் வனவாசத்தில் தங்கியவை என்பார் மற்றொரு சாரார். தொல்லியல் அறிஞரோ, பெருங்கற்காலப் பண்பாட்டினர் இறந்தோர்க்கென எடுத்த கல்திட்டைகள் அவை என்பர்.

அவற்றின் அமைப்பு எளியது; ஆயினும் வியப்புக்குரியது. பாறையைப் பலகைகளாகப் பெயர்த்துப் பக்கச் சுவர்களாக நிறுத்தி, மேலே பெரியதொரு மூடுகல்லை ஏற்றினர். சுண்ணமும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லைக் கல்லே தாங்கி நிற்கின்றது. நிலத்தின்மேல் எழுவது கல்திட்டை. நிலத்தினுள் அமைவது கற்பதுக்கை. இறந்தோரை அடக்கும் முறைகள் ஐந்தினை மணிமேகலை கூறுகின்றது. தாழ்ந்த இடத்தில் வைத்து அடைத்தலும் அவற்றுள் ஒன்றாம்.

இவ்வழக்கம் நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. வேல்ஸ் நாட்டுப் பெந்த்ரெ இவானில், ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள மூடுகல் ஒன்று மூன்று கற்களின் நுனியில் நிற்கின்றது. அதன் எடை 16 டன் அளவு என மதிப்பிடுவர்; அகவை ஏறத்தாழ 5,500 ஆண்டுகள். 1882ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது.

மறையூரிலோ, மூடுகல் சரிந்தவையும் பலகை உடைந்தவையும் பலவாகும். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்னும் அஞ்சுநாட்டு ஊர்களின் பழங்குடியினர், பாண்டிநாட்டினின்று தம் முன்னோர் வந்ததாகக் கூறுவர். அவர்கள் வருமுன்பே இக்கற்கள் அங்கு நின்றிருத்தல் வேண்டும். வந்தேறிய குடிகளுக்கெல்லாம் மூத்த குடியின் சான்றுகள் இவை.

மாற்றல் ஆணை வந்தால் அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் எழுத்தர் நாம். வேலை நின்றால் லயத்தை விட்டு வெளியேறுவோர் தோட்டத் தொழிலாளர். சொந்த வீடென்பது நம்மிற் பலர்க்கும் இன்னும் கனவே. அன்று மலையில் வாழ்ந்தோரின் குடில்களும் மண்ணோடு மண்ணாயின. மாண்டோர்க்கு அவர்கள் எடுத்த வீடே எஞ்சியது. தமக்கெனக் கட்டியது அழிய, பிறர்க்கெனக் கட்டியது நின்றது.

விடுமுறையில் மூணாறு செல்வோர் சற்றே மறையூர்வரை சென்று, பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுதல் நன்று. கல்லின்மீது பெயர் கீறாது திரும்பச் சொல்லுதல் அதனினும் நன்று.