தோட்டத்தில் ஓடிய ரயில்

உலகறிந்த சித்திரப்பட மேதை வால்ட் டிஸ்னி, தம்மிடம் பணிபுரிந்த ஓவியர் ஒருவரிடம் மாணாக்கராய் நின்ற நாளொன்று உண்டு. அந்த ஓவியர் வார்ட் கிம்பால். கலிபோர்னியாவில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே 3 அடி அகல இருப்புப்பாதை அமைத்து, 1881இல் செய்யப்பட்ட நீராவி எஞ்சினை அவர் ஓட்டிவந்தார். 1945இல் விருந்தினராக வந்த டிஸ்னியின் கையில் அதன் விசைப்பிடியை ஒப்படைத்தார்.

இளமையில் ரயிலில் செய்தித்தாள் விற்றவர் டிஸ்னி. அவருடைய பழைய ஆசை அன்று மீண்டும் கனன்றது. 1950இல் தம் தோட்டத்திலும் ஏறத்தாழ அரை மைல் பாதை அமைத்தார். எட்டில் ஒரு பங்கு அளவான எஞ்சினுக்குத் துணைவியார் லில்லியனை நினைந்து ‘லில்லி பெல்’ எனப் பெயரிட்டார். அவருடைய பூம்பாத்தி கெடாதபடி, பாதை அதனடியே சுரங்கமாய்ச் சென்றது.

கிம்பாலைப் போலவே டிஸ்னியும் விருந்தினரை எஞ்சின் ஓட்ட அனுமதித்தார். 1953இல் ஒருவர் வளைவில் விரைந்து ஓட்டவே, எஞ்சின் கவிழ்ந்தது. நீராவி பட்டுச் சிறுமி ஒருத்தி காயமுற்றாள். டிஸ்னி தோட்ட ரயிலை நிறுத்திவிட்டார். எனினும் ஆசை அணையவில்லை. 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தைச் சுற்றி நீராவி ரயில் ஓடியது.

மாணவர்களே, விசைப்பிடியைப் பிறர் கையில் கொடுப்பது பெருந்தன்மை. அதனோடு பொறுப்பையும் கற்றுக்கொடுப்பதே அறிவுடைமை.