டிசம்பரில் வேர்க்கிறது

திருமுல்கேரியில் டிசம்பர் மாதம் ஸ்வெட்டர் இல்லாமல் காலையில் பால் வாங்கப் போக முடியாது. அப்படிப்பட்ட ஒரு டிசம்பரில், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃபேன் போட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்றார் ரங்கமணி, போர்வையை இழுத்துக்கொண்டே.

வயது 47. மாதவிலக்கு ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம் என்று திகுதிகுவென ஒரு அனல் ஏறும். நைட்டி நனையும், அப்புறம் குளிரும். ஊரிலிருந்து அம்மா "சூட்டு உடம்பு, வெந்தயம் ஊறவெச்சு சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். இங்கே டாக்டரம்மா "ஹார்மோன் எடுத்துக்கலாமே" என்றார். அமெரிக்காவில் இருக்கும் அக்காவோ, "வேண்டாம்டி, கேன்சர் வரும்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

கதை குதிரையில் ஆரம்பிக்கிறது. 1929-ல் ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் டாய்சி, ஜெர்மனியில் பூட்டெனான்ட். 1940-களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரெமரின் மாத்திரை வந்தது. சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். ஆங்கிலத்தில் அந்த மூன்று சொற்களைச் சுருக்கித்தான் பெயரே வைத்தார்கள்!

1966-ல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண் என்றும் பெண்ணாக இருக்கலாம் என்று. புத்தகமும் மாத்திரையும் சக்கைப்போடு போட்டன. ஆனால் 1975-ல் வந்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய் கூடுவதைக் காட்டின. தீர்வும் கிடைத்தது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த அடி 2002 ஜூலை. அமெரிக்க அரசின் பெரிய ஆய்வில் 16,608 பெண்கள் கலந்துகொண்ட பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். "மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்" என்று தலைப்புச் செய்தி. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அக்காவின் பயம் அங்கே பிறந்ததுதான்.

அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். மருந்து எடுக்காத 10,000 பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுத்தவர்களில் 38 பேருக்கு. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மருந்தும் ஒரே ஒரு கலவை மாத்திரை. 47 வயதில் ராத்திரி ஃபேன் போடுகிறவளுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. 2007-ல் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மெனோபாஸ் ஆகி 10 வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்கு இதய ஆபத்து கூடவில்லை. 2017-ல் 18 வருடக் கணக்கு வந்தது. மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இடையே மொத்த மரண விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளை எடுக்கப் போவதாக அறிவித்தது.

இனி நம் ஊர் பக்கம்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு 41 வயது. நான் விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "எனக்கு அஞ்சு வருஷமா இப்படித்தான், ஒள்ளு மண்டுதுந்தம்மா" என்றார் தெலுங்கில். உடம்பு எரியுதும்மா என்று. 36 வயதில் அதிக ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டு வரச் சொல்லிப் படித்தேன். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் தனி ஆள் இல்லை. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் இந்தியாவில் ஏறக்குறைய 100-க்கு 3 பேர். தெலங்கானாவில் 8, ஆந்திராவில் 9. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

சினைப்பை போனால் மெனோபாஸ் படிப்படியாக வராது, ஒரே நாளில் வரும். அனல் கடுமையாக இருக்கும், எலும்பும் சீக்கிரம் தேயும். 45 வயதுக்குள் இப்படி ஆனவர்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால் இயற்கையாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல். கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதே அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பகுதி 2004-ல் முடிந்தது. பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஆக, 2002-ன் பயம் யாருக்குக் குறைவாகப் பொருந்துமோ, யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படித்த எனக்கோ பயம் மட்டும் கிடைத்தது.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. என்னைப் போல இன்னும் விலக்கு வருகிறவர்களுக்கு இது கருத்தடையும் ஆகாது. டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், புரொஜெஸ்டிரோன் மாத்திரையும் ஆரம்பித்து மூன்று மாதம். ராத்திரி தூக்கம் திரும்பிவிட்டது. அந்த அம்மாவையும் போன வாரம் அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கர்ப்பப்பை எடுத்த அக்காவோ அத்தையோ சித்தியோ இருந்தால் அந்தப் பழைய தாளை வாங்கிப் பாருங்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று. அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.